கால்நடை ரத்த ஸ்மியரில் மாறுபட்ட வெள்ளணுக்கள்: பார்ப்பது எப்படி, ரிப்போர்ட்டில் எழுதுவது எப்படி

ரத்த அணுக்களை எண்ணும் கருவியான அனலைசர் இருக்கும்போது, ரத்தத்தை மெல்லியதாகத் தடவிய ஸ்லைடை (ஸ்மியர்) எதற்குப் பார்க்க வேண்டும் என்று கால்நடை ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மொத்த வெள்ளணு எண்ணிக்கையைக் கருவி நம்மைவிட நன்றாகவே எண்ணும். ஆனால் வெள்ளணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபிலின் முழுதும் முதிராத வடிவமான பேண்ட் எத்தனை என்று பெரும்பாலான கருவிகளால் நம்பும்படி சொல்ல முடியாது. கடும் அழற்சியில் நியூட்ரோஃபிலின் தோற்றத்தில் வரும் டாக்ஸிக் மாற்றம் அதற்குத் தெரியாது. எலும்பு மஜ்ஜையிலேயே இருக்க வேண்டிய மிக இளம் அணுவான பிளாஸ்ட் வந்தால், வேறு வெள்ளணு வகைகளான மோனோசைட் என்றோ லிம்ஃபோசைட் என்றோ ஏதோ ஒரு கணக்கில் சேர்த்துவிடும். பூனையின் பிளேட்லெட்கள் கட்டியாகச் சேர்ந்திருந்தால் அவற்றையே வெள்ளணு என்று எண்ணிவிடுவதும் உண்டு. நாய்க்கான செட்டிங்கை மாற்றாமல் மாட்டு ரத்தத்தை ஓட்டி எடுத்த ரிப்போர்ட்டுகள் தனி ரகம்.

இங்கே சொல்லப்போவது, ஸ்மியர் போடவும் அணுக்களின் பெயரைச் சொல்லவும் ஓரளவு தெரிந்தும், ‘இது சாதாரணமா இல்லையா’, ‘இதை எப்படி எழுதுவது’ என்ற இரண்டு இடங்களில் தடுமாறுகிறவர்களுக்கு. நோயின் பெயரைச் சொல்வது டாக்டரின் வேலை. ஸ்லைடில் இருப்பதை, அந்த ஸ்லைடைப் பார்க்கவே போகாத ஒருவர் நம்பி முடிவெடுக்கும்படி எழுதிக் கொடுப்பது நம் வேலை.

மைக்ரோஸ்கோப்பைத் தொடும் முன்

முதலில் குழாயில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். எந்த விலங்கு, எந்த இனம், என்ன வயது, ரத்தம் எப்போது எடுத்தது, ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா, சமீபத்தில் தடுப்பூசி போட்டார்களா? இதில் பாதி எழுதப்பட்டிருக்காது. போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். நாய்க்கு ஸ்டீராய்டு போட்டிருந்தால் முதிர்ந்த நியூட்ரோஃபில் கூடும், மோனோசைட்டும் பெரும்பாலும் கூடும், லிம்ஃபோசைட்டும், துகள் கொண்ட இன்னொரு வெள்ளணுவான ஈசினோஃபிலும் குறையும். கடும் வலியில் இருக்கும் நாயிலும் இதே படம்தான். இது தெரியாமல் ஸ்லைடைப் பார்த்தால் தொற்று என்று தோன்றும்.

ஊதா மூடி போட்ட, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் ரத்தம் நிற்க நிற்க வெள்ளணுக்கள் கெடத் தொடங்கிவிடும். நியூட்ரோஃபிலின் சைட்டோபிளாசத்தில், அதாவது உட்கருவைச் சுற்றியுள்ள பகுதியில், குமிழிகள் வரும், உட்கரு உப்பும் அல்லது சுருங்கி உருண்டையாகும், லிம்ஃபோசைட்டின் விளிம்பு கிழியும். காலையில் கிராமத்தில் எடுத்து மாலை பஸ்ஸில் வந்து சேரும் குழாயில் ‘குமிழிகள் உள்ளன’ என்று எழுதுவதில் பயனில்லை. ஆகவே ரத்தம் எடுக்கும் இடத்திலேயே இரண்டு மூன்று ஸ்மியர் போட்டு, காயவைத்து, குழாயோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். குழாயைக் குளிரில் வைக்கலாம். ஸ்டெயின் செய்யாத ஸ்லைடை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. வெளியே எடுக்கும்போது நீர் கோத்து அணுக்கள் கெட்டுவிடும். பயாப்சி வைத்த ஃபார்மலின் பாட்டிலோடு ஒரே பையில் ஸ்லைடை அனுப்பவும் கூடாது. அந்த ஆவி பட்ட ஸ்லைடு ஒழுங்காகச் சாயம் ஏறாமல் நீலம் பூத்துவிடும்.

ஸ்மியர் போடும்போது இழுக்கும் ஸ்லைடின் கோணம் 30 முதல் 45 டிகிரி. ரத்தசோகை இருந்து ரத்தம் நீர்த்திருந்தால் கோணத்தைக் கூட்டிக் கொஞ்சம் வேகமாக இழுங்கள். நீரிழப்பால் கெட்டியாக இருந்தால் கோணத்தைக் குறையுங்கள். நல்ல ஸ்மியருக்குத் தலை, உடல், வால் மூன்றும் தெளிவாகத் தெரியும். ஸ்லைடின் இரு ஓரங்களையும் தொடாது.

காயவைப்பதில்தான் நம் ஊர்களில் பாதி ஸ்லைடு வீணாகிறது. மழைக்காலத்தில் சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் காற்றில் இருக்கும் ஈரத்தில் ஸ்மியர் மெதுவாகக் காயும். மெதுவாகக் காய்ந்தால் அணுக்கள் சுருங்கும், சிவப்பணுவில் மின்னும் வளையங்கள் வரும். போட்ட உடனே கையில் பிடித்து வேகமாக ஆட்டுங்கள், அல்லது சூடில்லாத காற்றில் டிரையரைக் காட்டுங்கள். மெத்தனால் பாட்டிலைத் திறந்தே வைத்திருந்தாலும் அது ஈரத்தை இழுத்துக்கொண்டு இதே கோளாறைச் செய்யும்.

சாயத்தில் லீஷ்மன், ஜீம்சா, ஃபீல்ட், டிஃப்-குவிக் எதுவாக இருந்தாலும் எல்லாம் நீலமும் சிவப்பும் கலந்த ரோமனோவ்ஸ்கி வகைதான். எதைப் பயன்படுத்தினாலும் அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும். டிஃப்-குவிக் போன்ற விரைவுச் சாயங்களில், திசுக்களில் இருக்கும் துகள் நிறைந்த மாஸ்ட் அணுவின் துகள்களும் சில லிம்ஃபோசைட்டுகளின் துகள்களும் சரியாக ஏறாமல் போகலாம். லீஷ்மனில் பஃபரின் பிஹெச் 6.8 இல்லாவிட்டால் எல்லாம் நீலமாகவோ எல்லாம் சிவப்பாகவோ வந்து நிற்கும். நீலம் தூக்கலான ஸ்லைடில் எல்லா நியூட்ரோஃபிலும் டாக்ஸிக் போலத்தான் தெரியும். ஒரு நிதானத்துக்கு, ஆரோக்கியமான நாயின் ஸ்லைடு ஒன்றை அதே தொகுதிச் சாயத்தில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறைந்த பெருக்கத்தில் தொடங்குங்கள்

ஸ்லைடை வைத்ததும் எண்ணெய் விட்டு 100 லென்ஸைத் திருப்புவதுதான் புதியவர்களின் வழக்கம். வேண்டாம். 10 லென்ஸில் ஸ்மியர் முழுவதையும், முக்கியமாக வாலையும் இரண்டு ஓரங்களையும், ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பெரிய அணுக்கள் அங்கேதான் ஒதுங்கும். பிளாஸ்ட், மாஸ்ட் அணு, பிளேட்லெட் கட்டி, மைக்ரோஃபைலேரியா என்ற நுண்புழு எல்லாம் வாலில் கிடக்க, உடல் பகுதியில் 100 அணுக்களை எண்ணிவிட்டு ‘எதுவும் இல்லை’ என்று எழுதிவிடுவது நடக்கிறது.

அடுத்து 40 லென்ஸில், சிவப்பணுக்கள் ஒன்றையொன்று லேசாகத் தொட்டும் தொடாமலும் பரவியிருக்கும் ஒற்றை அடுக்குப் பகுதிக்கு வாருங்கள். பத்துப் புலங்களில் (புலம் என்பது லென்ஸில் ஒரே சமயத்தில் தெரியும் வட்டம்) வெள்ளணுக்களை எண்ணிச் சராசரி எடுத்து 1,600-ஆல் பெருக்கினால் மைக்ரோலிட்டருக்கு எத்தனை என்று தோராயமாகக் கிடைக்கும். லென்ஸின் பெருக்கத்தை அதனாலேயே பெருக்கி வந்த எண் அது. புலத்துக்குச் சராசரி 5 இருந்தால் சுமார் 8,000. கருவி 30,000 என்கிறது, ஸ்லைடு 8,000 என்கிறது என்றால் இரண்டில் ஒன்று தவறு. அதைத் தீர்க்காமல் மேலே போக வேண்டாம்.

ஸ்மியர் தடித்த இடத்தில் அணுக்கள் உருண்டு, இருண்டு, சின்னதாகத் தெரியும். அங்கே மோனோசைட்டும் பெரிய லிம்ஃபோசைட்டும் ஒன்றுபோல இருக்கும். வாலின் நுனியில் அணுக்கள் நசுங்கி விரிந்து, சாதாரண லிம்ஃபோசைட்டின் உட்கருவுக்குள்ளேயே நியூக்ளியோலஸ் என்ற சிறு வட்டம் இருப்பது போலக் காட்டும். வாலில் சந்தேகமான அணுவைக் கண்டால் அதன் கூட்டாளிகளை ஒற்றை அடுக்கில் தேடிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

எந்த விலங்கு என்பதை மறக்காதீர்கள்

மனித ஆய்வகத்தில் பழகிவிட்டு வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். நாய், பூனை, குதிரையில் நியூட்ரோஃபில்தான் அதிகம். மாடு, ஆடுகளில் லிம்ஃபோசைட் அதிகம். ஆரோக்கியமான வளர்ந்த மாட்டில் ஒரு நியூட்ரோஃபிலுக்கு இரண்டு லிம்ஃபோசைட் என்ற கணக்கு. மாட்டின் ஸ்லைடில் 60 சதவீதம் லிம்ஃபோசைட் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நாயில் அதே 60 சதவீதம் வந்தால் யோசிக்க வேண்டும்.

மாட்டு லிம்ஃபோசைட் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். ஒரே ஸ்லைடில் சிறியதும் பெரியதுமாக இருக்கும். பெரியவற்றில் உட்கருவுக்குள் இருக்கும் மரபுப்பொருளான குரோமாட்டின் கொஞ்சம் இளகியும், சில சமயம் நியூக்ளியோலஸ் போல ஒரு வட்டம் தெரிந்தும், சைட்டோபிளாசத்தில் செந்நிறத் துகள்கள் இருந்தும் வரும். இதை பிளாஸ்ட் என்று எழுதிவிட்டால் மாட்டின் சொந்தக்காரர் அதை விற்கப் போய்விடுவார். ஆரோக்கியமான மாட்டு ஸ்லைடுகளை நிறையப் பார்த்துப் பழகாமல் மாட்டில் பிளாஸ்ட் என்ற சொல்லையே எடுக்காதீர்கள்.

ஈசினோஃபிலின் துகள் விலங்குக்கு விலங்கு மாறும். நாயில் உருண்டையாக, ஒரே அளவில் இல்லாமல் இருக்கும். பூனையில் மெல்லிய குச்சிகள் போல நெருக்கமாக இருக்கும். மாட்டில் சிறியதாக, ஒரே அளவில், பளிச்சென்ற இளஞ்சிவப்பில் இருக்கும். குதிரையில் துகள்கள் பெருத்து, அணுவே ஒரு முசுக்கட்டைப் பழம் போலத் தெரியும். கிரேஹவுண்ட் வகை நாய்களில் ஈசினோஃபிலின் துகள் கரைந்து வெறும் குமிழிகளாகத் தெரிவதால், அதைக் குமிழி வந்த நியூட்ரோஃபில் என்று எண்ணிவிடும் ஆபத்து உண்டு. பூனையில் பேசோஃபில் என்ற வெள்ளணுவின் துகள் அடர் ஊதாவாக இருக்காது. வெளிர் சாம்பல் கலந்த ஊதா. அதையும் டாக்ஸிக் நியூட்ரோஃபில் என்று தவறாக எழுதுவதுண்டு. கோழியின் ரத்தம் தனி உலகம். சிவப்பணுவுக்கும் பிளேட்லெட் வேலையைச் செய்யும் அணுவுக்கும் உட்கரு உண்டு, நியூட்ரோஃபில் இடத்தில் ஹெட்டரோஃபில் இருக்கும். அதை இந்தக் கட்டுரையில் தொடவில்லை.

எண்ணுவது

எண்ணெய் லென்ஸில், ஒற்றை அடுக்கில், மேலும் கீழுமாகக் கோட்டைச் சுவரின் பற்கள் போன்ற பாதையில் நகர்ந்து 100 வெள்ளணுக்களை வகை பிரித்து எண்ணுங்கள். மொத்த எண்ணிக்கை மிக அதிகமாக இருந்தாலோ மாறுபட்ட அணுக்கள் இருந்தாலோ 200 எண்ணுங்கள். அடையாளம் தெரியாத அணுவைத் தாண்டிப் போகக் கூடாது. ‘வகைப்படுத்த முடியாதவை’ என்று ஒரு கட்டம் ஒதுக்கி அதில் சேருங்கள்.

உட்கரு உள்ள சிவப்பணுக்களை இந்த நூறில் சேர்க்காமல் தனியாக எண்ணுங்கள். நூறு வெள்ளணுவுக்கு ஐந்துக்கு மேல் இருந்தால் மொத்த எண்ணிக்கையைத் திருத்த வேண்டும். கருவி தந்த எண்ணை 100-ஆல் பெருக்கி, 100-உடன் அந்தச் சிவப்பணு எண்ணிக்கையைக் கூட்டி வரும் எண்ணால் வகுங்கள். கருவி 24,000 காட்டுகிறது, நூறு வெள்ளணுவுக்கு 50 உட்கருச் சிவப்பணு இருக்கிறது என்றால், 24,000-ஐ 100-ஆல் பெருக்கி 150-ஆல் வகுக்க, உண்மையான எண் 16,000. சில கருவிகள் இதைத் தாமே திருத்திவிடும். உங்கள் கருவி அப்படியா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு முறை திருத்திவிடக் கூடாது.

சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டாம். வாந்தியும் ரத்த பேதியுமாக வந்த ஒரு நாய்க்குட்டிக்கு மொத்தம் 3,000, நியூட்ரோஃபில் 30 சதவீதம், லிம்ஃபோசைட் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். லிம்ஃபோசைட் கூடிவிட்டது என்று எழுதத் தோன்றும். எண்ணாக்கிப் பாருங்கள்: லிம்ஃபோசைட் 1,800, நாய்க்கு இது சாதாரணம். நியூட்ரோஃபில் வெறும் 900. அந்தக் குட்டியின் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஆகவே ரிப்போர்ட்டில் ஒவ்வொரு வகைக்கும் மைக்ரோலிட்டருக்கு எத்தனை என்ற எண் இருக்க வேண்டும். சதவீதம் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

நியூட்ரோஃபில்: லெஃப்ட் ஷிஃப்ட்டும் டாக்ஸிக் மாற்றமும்

அன்றாடம் வரும் ஸ்லைடுகளில் நீங்கள் கண்டுபிடிக்கப்போகும் மாறுதல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டுதான். பிளாஸ்டைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்வதைவிட இவற்றில் கை தேர்வது முக்கியம்.

பேண்ட் என்பது உட்கரு இன்னும் மடல்களாகப் பிரியாத இளம் நியூட்ரோஃபில். உட்கருவின் இரண்டு ஓரங்களும் ஏறக்குறைய இணையாக ஓடும். லாட வடிவிலோ வளைந்தோ இருக்கலாம். எங்கே பேண்ட் முடிந்து முதிர்ந்தது தொடங்குகிறது என்பதில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வித்தியாசம் உண்டு. உட்கருவின் குறுகலான இடம் அகலமான இடத்தில் பாதிக்கும் குறைவாக ஒடுங்கியிருந்தால் முதிர்ந்தது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். எந்த விதியானாலும் ஆய்வகத்தில் எல்லோரும் அதையே பின்பற்ற வேண்டும். ஒரு நாய்க்கு திங்கட்கிழமை ஒரு விதியும் வியாழக்கிழமை ஒரு விதியும் போட்டால் நோய் குறைகிறதா கூடுகிறதா என்று டாக்டருக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் முதிர்ந்ததாகவே எண்ணுங்கள்.

பேண்ட் போன்ற இளம் அணுக்கள் ரத்தத்தில் கூடுவதுதான் லெஃப்ட் ஷிஃப்ட். பேண்ட் கூடியிருந்து, முதிர்ந்த நியூட்ரோஃபில் அதைவிட அதிகமாகவும் மொத்தம் உயர்ந்தும் இருந்தால், எலும்பு மஜ்ஜை தேவைக்கு ஈடுகொடுக்கிறது என்று பொருள். பேண்டும் அதற்கு முந்தைய இளம் அணுக்களும் முதிர்ந்தவற்றை மிஞ்சிவிட்டால், அதுவும் மொத்தம் சாதாரணமாகவோ குறைந்தோ இருந்தால், மஜ்ஜை திணறுகிறது. நாயிலும் பூனையிலும் இது உடனே போன் செய்ய வேண்டிய விஷயம். மாட்டில் கொஞ்சம் நிதானம் வேண்டும். மாட்டின் மஜ்ஜையில் நியூட்ரோஃபில் இருப்பு குறைவு. கடுமையான மடிநோயோ கருப்பை அழற்சியோ வந்த முதல் ஓரிரு நாளில் இருப்பு காலியாகி, மொத்தம் விழுந்து, பேண்ட் மேலோங்கும். சொல்ல வேண்டிய செய்திதான், ஆனால் நாய்க்கு உள்ள அதே பொருள் அதற்கு இல்லை. சில நாள் கழித்து இன்னொரு மாதிரி அனுப்பச் சொல்லுங்கள். எண்ணிக்கை ஏறுகிறதா என்பதில்தான் விடை இருக்கும்.

டாக்ஸிக் மாற்றம் என்ற பெயர் ஏதோ விஷம் குடித்தது போல ஒலிக்கும். உண்மையில் மஜ்ஜை அவசரத்தில் அணுக்களை வேகவேகமாகச் செய்து வெளியே தள்ளுவதன் அடையாளம் அது. பார்க்க வேண்டியவை: சைட்டோபிளாசத்தின் ஓரத்தில் சாம்பல் கலந்த நீலத்தில் ஒழுங்கற்ற சிறு திட்டுகள், இவை டோலே திட்டுகள், சைட்டோபிளாசம் முழுக்க லேசான நீலம், நுரை போன்ற நுண்குமிழிகள், செந்நிற டாக்ஸிக் துகள்கள், இவை குதிரையில் அதிகம் தெரியும், இயல்பைவிடப் பெருத்த நியூட்ரோஃபில்கள். டோலே திட்டு மட்டும் என்றால் லேசானது. நீலமும் சேர்ந்தால் நடுத்தரம். நுரைக் குமிழியும் சேர்ந்தால் தீவிரம். எத்தனை நியூட்ரோஃபிலில் இந்த மாற்றம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: சிலவற்றில், பலவற்றில், பெரும்பாலானவற்றில்.

இரண்டு எச்சரிக்கைகள். ஆரோக்கியமான பூனையிலும் ஒன்றிரண்டு டோலே திட்டு இருக்கலாம், அதை வைத்துப் பெரிதாகப் பேச வேண்டாம். அப்புறம், பழைய ரத்தத்தில் வரும் குமிழிகள் பெரியதாக, தெளிவான ஓரத்தோடு இருக்கும். சைட்டோபிளாசத்தில் நீலம் இருக்காது. நீலமும் டோலே திட்டும் இல்லாமல் குமிழி மட்டும் இருந்தால், ரத்தம் எடுத்த நேரத்தை முதலில் கேளுங்கள்.

ஐந்துக்கு மேல் மடல் உள்ள நியூட்ரோஃபில்கள் ஸ்டீராய்டிலும் பழைய மாதிரியிலும் வரும். இதற்கு நேர்மாறாக, பெல்கர்-ஹூவெட் என்ற பரம்பரை அமைப்பில் எல்லா நியூட்ரோஃபிலும் மடலில்லாமல் பேண்ட் போலவே இருக்கும். ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் இன நாய்களில் இது நன்கு அறியப்பட்டது. குரோமாட்டின் மட்டும் முதிர்ந்து, கட்டிகட்டியாக இருக்கும். டாக்ஸிக் மாற்றம் இருக்காது. நாய் நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும். இந்தப் பொருத்தமின்மையைக் கண்டால் எழுதுங்கள், தேவையில்லாத மருந்திலிருந்து நாய் தப்பிக்கும்.

லிம்ஃபோசைட்டா, பிளாஸ்டா

அளவுகோல் ஸ்லைடிலேயே இருக்கிறது: பக்கத்தில் இருக்கும் சிவப்பணுவும் நியூட்ரோஃபிலும். நாயின் சிவப்பணு சுமார் 7 மைக்ரான். சிறிய லிம்ஃபோசைட்டின் உட்கரு ஒன்று முதல் ஒன்றரை சிவப்பணு அகலம். அணு முழுதாகப் பார்த்தாலும் நியூட்ரோஃபிலைவிடச் சிறியது. ஆனால் பூனையின் சிவப்பணு நாயினுடையதைவிடச் சிறியது. வெள்ளாட்டுடையது 4 மைக்ரான்கூட இருக்காது. ஆகவே இந்தச் சிவப்பணு அகலக் கணக்கு நாய்க்கு மட்டும்தான். மற்ற விலங்குகளில் நியூட்ரோஃபிலை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

தூண்டப்பட்ட லிம்ஃபோசைட்டை ஆங்கிலத்தில் இருப்பதுபோல ரியாக்டிவ் என்றே எல்லோரும் சொல்வோம். அது பெரிதாக இருக்கலாம். சைட்டோபிளாசம் அடர் நீலமாக இருக்கும், உட்கருவைச் சுற்றி வெளிறிய வளையம் தெரியலாம். ஆனால் குரோமாட்டின் கட்டிகட்டியாக, முதிர்ந்ததாக இருக்கும். தடுப்பூசி போட்ட குட்டி, உண்ணிக் காய்ச்சல், எந்தத் தொற்றானாலும் இவை ஒன்றிரண்டு வரும்.

பிளாஸ்டில் பார்க்க வேண்டியது நீலத்தை அல்ல, குரோமாட்டினைத்தான். அது நுணுக்கமாக, இளகி, சீராகப் பரவியிருக்கும். உள்ளே வெளிர் நிறத்தில் ஒன்றோ பலவோ நியூக்ளியோலஸ் தெரியும். உட்கரு அணுவை ஏறக்குறைய நிரப்பியிருக்கும். அணு நியூட்ரோஃபிலைவிடப் பெரிது. இந்த நான்கும் சேர்ந்து பல அணுக்களில் இருந்தால்தான் பிளாஸ்ட். ஒன்று மட்டும், அதுவும் வாலில் நசுங்கிய அணுவில் தெரிந்தால், இல்லை.

பிளாஸ்ட் என்று உறுதியானால் அத்தோடு நில்லுங்கள். அது லிம்ஃபோசைட் வழி வந்த லிம்ஃபாய்டு வகையா, மற்ற வெள்ளணுக்களின் வழி வந்த மைலாய்டு வகையா என்பதை ரோமனோவ்ஸ்கிச் சாயத்தை மட்டும் வைத்துப் பெரும்பாலும் சொல்ல முடியாது. அதற்கு அணுவின் மேற்பரப்புக் குறிகளைக் கண்டறியும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும் மஜ்ஜை ஆய்வும் இருக்கின்றன. ‘வகை உறுதிசெய்யப்படாத பிளாஸ்ட் அணுக்கள் இத்தனை’ என்று எழுதுவதில் குறைச்சல் எதுவும் இல்லை. ‘லுகேமியா’ என்ற சொல் நம் ரிப்போர்ட்டில் வரவே கூடாது.

முதிர்ந்த சிறிய லிம்ஃபோசைட்டே 30,000, 50,000 என்று குவிந்திருந்தால் அதுவும் கவனிக்க வேண்டியது. நாள்பட்ட லிம்ஃபாய்டு புற்றிலும் அப்படி வரும். நாயில், உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற பாக்டீரியாவின் நாள்பட்ட தொற்றிலும், துகள் கொண்ட லிம்ஃபோசைட்டுகள் கூடி அதே போலத் தோன்றலாம். உண்ணி நிறைந்த நம் ஊரில் இரண்டாவதை மறந்துவிட்டு முதலாவதற்குத் தாவுவது சரியல்ல. துகள் இருக்கிறதா இல்லையா என்று எழுதினாலே டாக்டருக்குப் பாதி வழி தெரிந்துவிடும். விரைவுச் சாயத்தில் துகள் தெரியாவிட்டால் இன்னொரு ஸ்லைடை லீஷ்மனிலோ ஜீம்சாவிலோ போட்டுப் பாருங்கள்.

உடைந்து கலைந்த உட்கருக்கள் நிறைய இருந்தால் இழுத்த வேகத்தில் உடைந்தவையா, அணுக்களே எளிதில் உடைபவையா என்று பாருங்கள். புற்று அணுக்கள் எளிதில் உடையும். ஒரு சொட்டு அல்புமின் கரைசலை ரத்தத்தோடு கலந்து மறுபடி ஸ்மியர் போட்டால் உடைவது குறைந்து, உண்மையான அணுக்கள் தெரியும்.

அணுவுக்குள் இருப்பவை

ஹெப்பட்டோசூன் கேனிஸ் என்ற ஒட்டுண்ணி நம் நாட்டு நாய்களில் புதிதல்ல. 1905-லேயே இந்திய நாய்களில் விவரிக்கப்பட்டது. நியூட்ரோஃபிலுக்குள், சில சமயம் மோனோசைட்டுக்குள், நீள்வட்டமாக, வெளிர் நீலமாகவோ கிட்டத்தட்ட நிறமில்லாமலோ, சுமார் 11-க்கு 4 மைக்ரான் அளவில் உட்கருவை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு இருக்கும். ஒரு தரம் பார்த்துவிட்டால் மறக்காது. நூறு நியூட்ரோஃபிலுக்கு எத்தனையில் இருந்தது என்று எண்ணி எழுதுங்கள்.

எர்லிக்கியா கேனிஸின் மொருலா, மோனோசைட் அல்லது லிம்ஃபோசைட்டின் சைட்டோபிளாசத்தில் நீலம் கலந்த ஊதாத் துகள்களின் சிறு கொத்தாகத் தெரியும். நோய் உறுதியான நாயிலும் ஸ்மியரில் இது அபூர்வமாகத்தான் கிடைக்கும். ரத்தம் நிரப்பிய மெல்லிய ஹிமடோகிரிட் குழாயைச் சுழற்றி, சிவப்பணுவுக்கும் பிளாஸ்மாவுக்கும் இடையில் நிற்கும் வெள்ளை அடுக்கை மட்டும் எடுத்து ஸ்மியர் போட்டால் வாய்ப்பு கூடும். கிடைக்காவிட்டால் ‘பார்த்த ஸ்மியரில் காணப்படவில்லை’ என்று எழுத வேண்டும். ‘எர்லிக்கியா இல்லை’ என்று எழுதக் கூடாது. அணுமேல் ஒட்டிக்கிடக்கும் பிளேட்லெட்டையும் சாயப் படிவையும் மொருலா என்று எழுதிவிடுவது அடிக்கடி நடப்பது. நுண்திருகைத் திருப்பிப் பாருங்கள். சாயப் படிவு அணுவைவிட மேலான தளத்தில் தெளிவாகும். அணுவுக்கு வெளியேயும் சிதறியிருக்கும்.

டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்த நாயில், தொற்றின் தொடக்க நாட்களில் மட்டும், சிவப்பணுவிலும் வெள்ளணுவிலும் உருண்டையான, உள்ளே அமைப்பே இல்லாத வழவழப்பான சேர்க்கைகள் வரலாம். சாயத்தைப் பொறுத்து இளஞ்சிவப்பாகவோ வெளிர் நீலமாகவோ இருக்கும். கலப்பின மாட்டில் காய்ச்சலும் வீங்கிய நிணநீர்க் கணுவும் இருந்தால், லிம்ஃபோசைட்டுக்குள் தைலேரியா ஒட்டுண்ணியின் காக் நீலத் திட்டுகளைத் தேடுங்கள். ரத்தத்தைவிடக் கணுவில் ஊசி குத்தி எடுத்த மாதிரியில் அவை எளிதாகக் கிடைக்கும். அதையும் அனுப்பச் சொல்லலாம்.

நாய் ரத்தத்தில் மாஸ்ட் அணுவைக் கண்டதும் மாஸ்ட் அணுப் புற்று என்று நினைக்க வேண்டாம். பார்வோ போன்ற கடும் குடல் அழற்சியிலும் அவை ரத்தத்துக்கு வரும். பூனையில் நிலைமை வேறு; மண்ணீரலில் மாஸ்ட் அணுக் கட்டி இருக்கலாம் என்பதால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

ரிப்போர்ட் எழுதுவது

ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், பரவாயில்லை. வரிசையை மட்டும் இங்கே சொல்கிறேன். முதலில் மாதிரியின் நிலை: ரத்தம் எடுத்து எத்தனை மணி நேரம், ஸ்மியர் யார் போட்டது, எந்தச் சாயம், உடைந்த அணுக்கள், கட்டிகள் உண்டா. அடுத்து திருத்திய மொத்த எண்ணிக்கை, ஒவ்வொரு வகையின் எண். அதன் பிறகு தோற்றம். கடைசியில், தேவைப்பட்டால் மட்டும், ஒரு வரி கருத்து.

ஒரு பெண் நாயின் ஸ்லைடை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 31,000. முதிர்ந்த நியூட்ரோஃபில் 68 சதவீதம், அதாவது 21,080. பேண்ட் 14 சதவீதம், 4,340. லிம்ஃபோசைட் 1,860, மோனோசைட் 3,410, ஈசினோஃபில் 310. இதற்கு ‘நியூட்ரோஃபில் அதிகம், தொற்று இருக்கலாம்’ என்று எழுதினால் டாக்டருக்கு எதுவும் கிடைக்காது. ‘பேண்ட் நியூட்ரோஃபில்கள் கூடியுள்ளன, பல நியூட்ரோஃபில்களில் டோலே திட்டும் சைட்டோபிளாச நீலமும் உள்ளன, டாக்ஸிக் மாற்றம் நடுத்தரம், பிளாஸ்டோ ஒட்டுண்ணியோ பார்த்த அளவில் காணப்படவில்லை, தீவிர அழற்சிக்குரிய தோற்றம்’ என்று எழுதினால், அது கருப்பைச் சீழா வேறெதுவுமா என்பதை நாயைத் தொட்டுப் பார்க்கிறவர் முடிவு செய்துகொள்வார்.

‘அப்நார்மல் செல்ஸ் காணப்படுகின்றன’ என்ற வாசகத்தைத் தயவுசெய்து எழுதாதீர்கள். எந்த அளவு, எந்த நிறம், உட்கரு எப்படி, நூறில் எத்தனை என்று எழுத முடியாவிட்டால் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் பொருள். அதே போல ‘அட்டிப்பிகல்’ என்ற சொல்லும். விவரிக்கச் சோம்பல் வரும்போது கைக்கு வரும் சொல் அது.

சிலவற்றுக்கு அச்சடித்த ரிப்போர்ட் போய்ச் சேரும்வரை காத்திருக்கக் கூடாது. எந்த அளவிலும் பிளாஸ்ட் என்று உறுதியானால், நாய் பூனையில் நியூட்ரோஃபில் 1,000-க்குக் கீழே போனால், பேண்ட் முதிர்ந்தவற்றை மிஞ்சினால், அணுவுக்குள் ஒட்டுண்ணி கிடைத்தால், டாக்டரைப் போனில் பிடியுங்கள். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று பதிவேட்டில் எழுதிவையுங்கள்.

பிளாஸ்ட் சந்தேகம் உள்ள ஸ்லைடை மூத்தவர் ஒருவரிடம் காட்டாமல் வெளியே அனுப்ப வேண்டாம். அவர் பார்க்கும்போது உங்கள் முடிவை முதலில் சொல்லிவிடாதீர்கள். அவர் தனியாக எண்ணி முடித்த பிறகு ஒப்பிடுங்கள். ஆய்வகத்தில் அப்படி ஒருவர் இல்லையென்றால், சென்னை வேப்பேரியிலோ நாமக்கல்லிலோ உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறையைக் கேட்கலாம். ஸ்டெயின் செய்த ஸ்லைடு ஒன்று, செய்யாதது இரண்டு, கருவியின் அச்சு, நாயின் விவரம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். ஸ்டெயின் செய்த ஸ்லைடில் எண்ணெயைத் துடைத்துவிட்டு, நீங்கள் சந்தேகப்பட்ட அணு இருக்கும் இடத்தின் அடிப்புறத்தில் மார்க்கரால் வட்டம் போட்டு அனுப்பினால், பார்க்கிறவர் தேடி அலைய வேண்டியிருக்காது.